நூலின் நீளமும் எங்கட வாசிப்பும்

எங்கட இலக்கியக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி கேட்கிற முறைப்பாடு ஒன்று உண்டு. அந்தக் காலத்து நூல்கள் பெரியவை, அந்தக் காலத்து ஆக்களுக்குப் பொறுமை இருந்தது. இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பத்துப் பக்கம் தாண்டாது, அதனால்தான் நூல்களும் மெலிந்து போயின என்பார்கள். சபை தலையாட்டும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

என் வீட்டு அலுமாரி இதற்கு ஒத்துவருவதில்லை. மேல்தட்டில் சீறாப்புராணம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே விரல் தடிப்புக்கூட இல்லாத கிஸ்ஸாக்களும் மாலைகளும் முனாஜாத்துகளும் நூலால் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் பழையவைதான். கீழ்த்தட்டில் நண்பர்கள் கையெழுத்திட்டுத் தந்த 80 பக்கக் கவிதைத் தொகுதிகள். அவற்றின் நடுவில் 500 பக்கத்தைத் தாண்டிய நாவல்கள். எல்லாம் என் காலத்தவை. அன்றும் நெடியது, குறியது இரண்டும் இருந்தன; இன்றும் இருக்கின்றன. எனவே பொறுமை குறைந்ததால் நூல் குறுகியது என்ற கணக்கு எங்கேயோ பிழைக்கிறது.

இத்தனை வருட வாசிப்பில் எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு நூலின் நீளத்தைத் தீர்மானித்தவை இரண்டு விடயங்கள்: அதை எப்படி, யாரோடு இருந்து வாசித்தார்கள் என்பது ஒன்று, அதை ஆக்கிப் பரப்ப என்ன செலவானது என்பது மற்றது. எங்கட சமூகத்தின் நூல்களை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தால், எவை ஏன் நீண்டன, எவை ஏன் சுருங்கின என்பது கொஞ்சம் தெளிவாகும்.

இரவால் அளந்த நூல்

உமறுப்புலவரின் சீறாப்புராணம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என 3 காண்டங்கள், 92 படலங்கள், 5027 விருத்தங்கள். விருத்தத்துக்கு நான்கு அடி என்று பார்த்தால் 20,000 அடிக்கு மேல் வரும். தொகையைக் கேட்டாலே புத்தகத்தை எடுத்த கை திரும்ப வைத்துவிடும்.

ஆனால் அதை வேறு விதமாகவும் கணக்குப் பார்க்கலாம். 5027ஐ 92ஆல் பிரித்தால் ஒரு படலத்துக்குச் சராசரி 55 விருத்தம். சில படலங்கள் நீளம், சில கட்டை, சராசரி அதுதான். ஒரு விருத்தத்தை ராகமிழுத்துப் படிக்க எனக்கு அரை நிமிடமளவில் எடுக்கிறது. ஒருவர் படிக்க, இன்னொருவர் பொருள் சொல்லி, இடையில் யாராவது ஒரு கேள்வியும் கேட்டால், ஒரு படலத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் போகும். இஷாத் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் தூக்கம் கண்ணைக் கட்டுமுன் ஒரு படலம் முடியும். மூன்று மாத இரவுகளில் சீறா முடியும். எங்கட ஊர்களில் சீறா படித்த முறை இதுதான். முழு நூலையும் ஒருவர் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. ஓர் இரவுக்கு உரிய பங்கைத்தான் சபை சுமந்தது.

என் உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றால் கதையைத் தொடங்கிவிடுவா. 'ஈத்தங்குலை வரவழைத்த படலம்' அதற்கு முன்னா பின்னா என்று கேட்டாலும் சொல்லுவா. "கேட்டுக் கேட்டு வந்ததுதான் மகன், படிச்சா வந்தது?" என்பா. தட்டிக்கு இந்தப் பக்கம் பெண்கள் இருந்து கேட்ட நூல் அது. 5027 விருத்தமும் உம்மும்மாவுக்கு நீளமாகப் படவில்லை. புலவர் முடிக்காமல் விட்டதுதான் அவவின் குறை. சீறா மதீனத்து வாழ்வின் முற்பகுதியோடு நின்றுவிடுகிறது. நபிகளாரின் வபாத் வரை போவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பனீ அகுமது மரைக்காயர் சின்னச்சீறா பாடினார். மக்கள் நூல் நீண்டுவிட்டது என்று வெட்டவில்லை. போதாது என்று இன்னொன்றை ஒட்டினார்கள்.

இதில் புதுமை எதுவும் இல்லை. நீண்டதைப் பங்கு பிரித்து ஓதுவது எங்கட இரத்தத்தில் ஊறிய பழக்கம். குர்ஆன் 30 ஜுஸ்உகளாக இருப்பதால் றமழானின் 30 இரவுகளில் தராவீஹில் அது நிறைவாகிறது. ஒரு கிழமையில் ஓதி முடிக்க விரும்புபவருக்கு 7 மன்ஸில் பிரிப்பு இருக்கிறது. ரபீஉல் அவ்வலில் சுப்ஹான மௌலித் 12 இரவுகளுக்குப் பரவிக் கிடக்கிறது. பேருவளை கெச்சிமலையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்களைக் கொண்ட ஸஹீஹுல் புஹாரியை நாளுக்கு ஒரு பங்காக ஓதித் தமாம் செய்து கந்தூரி கொடுப்பார்கள். இவற்றில் இருந்து வந்த காது சீறாவைக் கேட்டது. அந்தக் காதுக்கு நீளம் ஒரு பிரச்சினையே அல்ல.

சீறா நெடுங்காலம் ஏட்டில் இருந்து, 1842இல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவரால் அச்சுக்கு வந்தது. இந்தப் பேருபகாரத்தால்தான் நூல் இன்றும் எங்கட கையில் இருக்கிறது. அதே நேரம் அச்சு வாசிப்பின் அமைப்பையும் மெல்ல மாற்றியது. சபையில் ஓர் ஏட்டைச் சுற்றி இருந்தவர்கள் காலப்போக்கில் ஆளுக்கொரு பிரதி வாங்கினார்கள். ஆளுக்கொரு பிரதி வந்தபோது ஆளுக்கொரு மூலையும் வந்தது. வாய் மூடியது, கண் மட்டும் ஓடியது. சபைக்கு 92 இரவாக இருந்த நூல் தனி ஒருவனுக்கு 5027 விருத்தமாக மாறிப்போனது.

ஒரே இருப்பில் முடிகிற நூல்கள்

சீறாவின் பக்கத்திலேயே குட்டி நூல்கள் வாழ்ந்தன. ஆயிரமசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது. வண்ணப் பரிமளப் புலவர் பாடியது. முழுமையாக எங்கட கைக்குக் கிடைக்கிற இஸ்லாமியத் தமிழ் நூல்களில் பழையது இதுதான். அதற்குப் பிறகு நூறு மசலா வந்து வீட்டுக்கு வீடு நுழைந்தது. ஆயிரம் நூறாகச் சுருங்கியதற்கு வாசகன் சோம்பேறியானது காரணமல்ல. ஆயிரமசலா புலவர் சபைக்குரியது. நூறு மசலாவோ அரசகுமாரி கேட்க அப்பாஸ் மறுமொழி சொல்லும் கதையாக, பின்னேரத்தில் வேலை ஓய்ந்த பெண்கள் இருந்து கேட்பதற்கு உகந்ததாக அமைந்தது.

ஸைத்தூன் கிஸ்ஸா, விறகு வெட்டியார் கிஸ்ஸா, யூசுபு நபி கிஸ்ஸா, பெண்புத்தி மாலை, முஹிய்யித்தீன் மாலை ஆகியவற்றின் அளவைப் பாருங்கள். ஓர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் முடியக்கூடியவை, அல்லது இரண்டு மூன்று பின்னேரங்களில் முடியக்கூடியவை பல. அறபியிலும் இதே கணக்கு உண்டு. பூஸீரி இமாமின் கஸீததுல் புர்தா 10 பகுதிகளில் 160 பைத்துகள். ஒரு மஜ்லிஸில் தொடங்கி அதே மஜ்லிஸில் துஆ ஓதி முடிக்கலாம். குட்டி நூல் என்பது இருப்பின் அளவு.

மூன்றாவது வகை ஒன்றும் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அறபுத் தமிழில் எழுதிய பத்ஹுத் தய்யான் இலங்கையிலும் பரவலாக ஓதப்பட்ட மார்க்கச் சட்ட நூல். 1963இல் கொழும்பில் அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. பெரிய கிதாபுதான். ஆனால் முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை ஒரே மூச்சில் படிக்க அதை யாரும் வாங்கவில்லை. நோன்பு வந்தால் நோன்புப் பாடம், ஸகாத் கணக்கு வந்தால் ஸகாத்துப் பாடம், மையித்து வீடென்றால் ஜனாஸாப் பாடம். எங்கட வாப்பா அதில் பல இடங்களில் வர்ணக் கடதாசித் துண்டு செருகி வைத்திருந்தார். துண்டு இருந்த இடமெல்லாம் எங்கட குடும்பத்தில் ஏதோ நடந்த இடம்.

ஆக, பங்கு பிரித்துச் சபையில் கேட்ட நூல், ஓர் இருப்பில் முடிந்த நூல், தேவைக்கு எடுத்துப் பார்த்த நூல் என மூன்று வகை. மூன்றுக்கும் மூன்று நீளம். ஒரே மனிதர் மூன்றையும் வைத்திருந்தார்; ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டு நீளம் என்றோ கட்டை என்றோ சொன்னதில்லை.

கிழமையால் அளந்த நூல்

அச்சியந்திரம் நூலுக்குப் புதிய ஓர் அளவைக் கொண்டுவந்தது. அறிஞர் சித்திலெப்பை 1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் வார இதழைத் தொடங்கினார். கிழமைக்கு ஒரு தடவை வரும் கடதாசியைக் காத்திருந்து வாசிக்கிற ஒரு கூட்டம் அதனால் உருவானது. வாசிப்பின் தவணை இரவிலிருந்து கிழமைக்கு மாறியது. 1885இல் அவரே அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்து ஆறு வருடந்தான் ஆகியிருந்தது. 1883 ஜனவரியில் எகிப்தின் ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கியிருந்த காலம் அது. எகிப்தைப் பற்றிக் கேட்கச் சனம் ஆவலாக இருந்தது. அதன் நடுவில் எகிப்தில் தொடங்கும் ஒரு கதையை வசனத்தில், ஓர் ஆள் தனியாக இருந்து சில நாட்களில் முடிக்கக்கூடிய அளவில் சித்திலெப்பை தந்தார்.

என் கணக்கில் அது பெரிய திருப்பம். கிஸ்ஸாவைப் போல ஓர் இருப்பில் முடியாது. சீறாவைப் போல சபையும் தேவையில்லை. பாதியில் மடித்து வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம். தனி வாசகனுக்கென்று எங்கட சமூகத்தில் அளந்து தைத்த முதல் சட்டை அசன்பே சரித்திரம்.

பத்திரிகைத் தொடர்கதை இதை இன்னும் நீட்டியது. சுபைர் என்ற இயற்பெயர் கொண்ட இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' தினகரனில் தொடராக வந்து பிறகு நூலான பெரிய நாவல். தமிழ்நாட்டில் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யும் முஸ்லிம் முரசில் தொடராக வந்து, 1988இல் நூலானது. தொடர்கதையில் நீளம் யாருக்கும் பாரமில்லை. ஒரு கிழமைக்கு ஓர் அத்தியாயம்தானே. எங்கட வீட்டில் வாப்பா தொடர்கதைப் பக்கங்களை வெட்டி, கொப்பி மட்டையில் வைத்து, சாக்கு ஊசியால் தைத்து வைப்பார். அந்தத் தையல் புத்தகம் ஒழுங்கையின் கடைசி வீடு வரை போய்வரும். யாராவது ஒரு பக்கத்தைத் தொலைத்தால் அந்த அத்தியாயத்தின் கதையை வாசித்தவர்கள் வாயால் சொல்லி நிரப்புவார்கள். பார்த்தால், சபை முற்றாகக் கலைந்துவிடவில்லை. முற்றத்திலிருந்து ஒழுங்கைக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

பாரத்தால் அளந்த நூல்

அச்சகத்துக்குப் போன எவருக்கும் 'பாரம்' என்ற சொல் தெரியும். பெரிய தாளில் பக்கங்களை அடித்து மடித்தால் ஒரு பாரம் 16 பக்கம். கூலியும் கடதாசியும் பாரக் கணக்கு. 80 பக்கம் என்றால் 5 பாரம், 96 என்றால் 6. உங்கள் கையிலுள்ள மெல்லிய நூல்களில் கடைசிப் பக்கத்தின் இலக்கத்தைப் பாருங்கள். அட்டை நீங்கலாக 48, 64, 80, 96 என்றே பெரும்பாலும் நிற்கும். கவிஞருக்கு அத்தனை கவிதைதான் சுரந்தது என்பதில்லை. அத்தனை பாரத்துக்குத்தான் காசு இருந்தது.

1970க்குப் பின் இந்திய நூல்களும் சஞ்சிகைகளும் தாராளமாக வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து எழுத்துக்கு ஒரு சந்தை திறந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் கையடக்க அளவில், சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் நாவல்களை வெளியிட்டன. பஸ்ஸில் போய்வரும் இரண்டு மூன்று நாளில் முடிகிற அளவு. அதே காலத்தில் புதுக்கவிதையும் மெல்லிய தொகுதிகளாக வந்தது. எம். ஏ. நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977இல் வெளிவந்தது. அவரும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் வந்தது. இவை மெல்லிய நூல்கள். ஆனால் குறைந்த நூல்கள் அல்ல. ஒரு கவிதையை நாலு நாள் மனதில் வைத்து உருட்ட வேண்டியவனுக்கு மெல்லிய நூல் போதும்.

எனக்குக் கவலை தருவது அதற்குப் பிந்திய மெலிவு. இப்போது பெரும்பாலான எழுத்தாளர்கள் தங்கள் சொந்தக் காசில் அச்சிடுகிறார்கள். சில நூறு பிரதி, ஒரு வெளியீட்டு விழா, முதற்பிரதி வாங்க ஒரு தனவந்தர், மிச்சப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே. கடதாசி விலை ஏறினால் பாரம் குறையும். 2022 மார்ச்சில் டொலர் இல்லாமல் கடதாசி வராததால் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன, சில அச்சிடுவதையே நிறுத்தின. பரீட்சைத் தாளுக்கே வழியில்லாத நாட்டில் 300 பக்க ஆய்வு நூலை யார் அச்சிடுவது? "சேர், 5 பாரத்துக்குள்ள கொண்டு வாங்க, மத்ததைப் பிறகு பார்ப்பம்" என்ற அச்சகத்தாரின் சொல்தான் பல நூல்களின் நீளத்தைத் தீர்மானித்தது. வாசகனின் பொறுமை அங்கே கூப்பிடப்படாத விருந்தாளி.

இதன் விளைவை ஊர் வரலாற்று நூல்களில் தெளிவாகப் பார்க்கலாம். ஓர் ஊரின் குடியேற்றம், காணி, கடல், வயல், தறி, பள்ளிவாசல் மரபு, பாடசாலை, சூறாவளி, யுத்தம், இடப்பெயர்வு எல்லாம் 80 பக்கத்துக்குள் வர வேண்டும். அதிலும் முதல் 14 பக்கம் வாழ்த்துரை, ஆசியுரை, அணிந்துரை, பதிப்புரைக்குப் போய்விடும். மிச்சத்தில் தறியைப் பற்றி ஒரு பந்தி, கடலைப் பற்றி அரைப் பந்தி. தறி நெய்த கடைசி ஆளும் மௌத்தான பிறகு அந்த ஒரு பந்திதான் எங்களுக்கு மிச்சம்.

நீளம் வேண்டிய விடயத்துக்கு நீளம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஏ. எம். ஏ. அஸீஸ் 1963இல் வெளியிட்ட 'இலங்கையில் இஸ்லாம்' இன்றும் எடுத்துப் பார்க்க வேண்டிய நூலாக நிற்கிறது. பேராசிரியர் ம. மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாகக் கொண்டுவர உழைத்திராவிட்டால், மேலே நான் பெயர் சொன்ன மாலைகளிலும் மசலாக்களிலும் பாதியைப் பேராக்கூட அறிந்திருக்க மாட்டோம். ஸல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது; 500 பக்கத்துக்கு மேல். பெண்ணுக்குப் புத்தி சொல்ல ஒரு மாலை போதுமாக இருந்தது. பெண்கள் தங்கள் கதையைச் சொல்ல 500 பக்கம் தேவைப்பட்டது. அந்த நாவலை நடுவில் விட்டுவிட்டேன் என்று சொன்ன பெண் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

எங்களிடம் மிஞ்சியிருப்பது

இந்தக் கதையை இவ்வளவு விரித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய வீட்டை உடைத்து மாடி கட்டும்போது முதலில் வெளியேறுவது கிதாபுப் பெட்டிதான். "யாரு இதெல்லாம் வாசிக்கப் போறது?" என்ற ஒரு கேள்வியோடு முடிவு எழுதப்படுகிறது. அறபுத் தமிழ்க் கிதாபுகளுக்கு இன்னும் ஒரு சோதனை உண்டு. அறபு எழுத்தில் இருப்பதால் அவற்றைக் குப்பையில் போட மனம் வராது. கிழிந்த முஸ்ஹபுக்குச் செய்வது போல மரியாதையோடு புதைக்கிறார்கள், அல்லது கடலில் விடுகிறார்கள். கல்லச்சில் அடித்த ஒரு கிதாபு, உள்ளே இருப்பது தமிழ் என்று தெரியாமலேயே, கடலுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெறுங்கையோடு விரட்டப்பட்டார்கள். அந்த வீடுகளில் என்ன ஏடுகளும் கிதாபுகளும் இருந்தன என்பதற்குப் பட்டியல்கூட இல்லை. பறிகொடுத்தது போக மிஞ்சியதை நாங்களே கைவிடுவதற்குப் 'பொறுமையில்லை' என்ற பேச்சு வசதியான சாட்டாகிவிட்டது.

பொறுமைக்கு என்ன குறை? நேற்றுவரை றமழான் முழுவதும் தராவீஹில் ஒரு மணித்தியாலம் நின்று கேட்ட அதே பையன்கள்தான். போனில் ஐம்பது அறுபது பாகம் ஓடும் துருக்கித் தொடரை ஒன்றும் விடாமல் பார்க்கிற அதே பிள்ளைகள்தான். பங்கு பிரித்துக் கொடுத்தால், கூட இருந்து கேட்க ஆள் இருந்தால், நீளம் இன்றும் பிரச்சினையில்லை.

கொஞ்சக் காலமாக நான் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். இஷாவுக்குப் பிறகு சீறாவில் ஒரு படலம், வாய்விட்டு. படலம் நீண்டால் இரண்டு இரவு. பேத்தி பக்கத்தில் இருந்து பாடம் எழுதுவாள், காது இங்கேதான். 'உமறு கத்தாபு ஈமான் கொண்ட படலம்' வந்த இரவு பென்சிலை வைத்துவிட்டு, "பிறகென்ன நடந்த, வாசிங்களேன்" என்றாள். கிஸ்ஸா என்றால் ஒரே இருப்பில் முடித்துவிடுவேன். 2005இலிருந்து இணையத்தில் இயங்கும் நூலகம் திட்டத்தில் பல பழைய ஈழத்து நூல்கள் மின்வடிவில் கிடைக்கின்றன. அவற்றைத் தேவைக்குத் தேடிப் பார்க்கிறேன், வாப்பா பத்ஹுத் தய்யானைப் பார்த்தது போல. பழைய மூன்று முறையும் இன்றைக்கும் செல்லுபடியாகின்றன.

இதழைப் படிக்கிற உங்களிடம் கேட்பது பெரிய வேலை அல்ல. வாசிகசாலையோ பள்ளிவாசலோ பாடசாலைத் தமிழ் மன்றமோ, எங்கேயாவது ஓர் இடத்தில் சீறாவைப் படலம் படலமாக வாசிக்கத் தொடங்கலாம். 92 கூட்டங்கள், கிழமைக்கு ஒன்றென்றால் இரண்டு வருடத்துக்குள் தமாம். ஊர் வரலாறு எழுதுபவர்கள் 5 பாரத்துக்குள் எல்லாவற்றையும் அமுக்காமல், தறிக்கு ஒரு நூல், கடலுக்கு ஒரு நூல் என்று பகுதி பகுதியாகக் கொண்டுவரலாம்; காசு சேரச் சேர அடுத்த பகுதி. முழுப் பிரதியை மின்வடிவில் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டால் பாரக் கணக்கே அதைத் தொடாது. வீட்டை உடைக்கப் போகிறவர்கள் கிதாபுப் பெட்டியைக் கடலுக்கு அனுப்புமுன் அறபுத் தமிழ் தெரிந்த ஓர் ஆலிமுக்கு ஒரு தடவை காட்டினால் போதும். அவர் முதற்பக்கத்தை ஓதும்போது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் மூத்தம்மா பேசிய தமிழாகத்தான் இருக்கும்.